பேறு முடிந்த பின்னும் தாயைக் காத்தல்

கருவுற்ற நாள் முதல் குழந்தை பிறந்து 42 நாட்கள் நிறைவுறும் வரையில் ஒரு தாய்க்கு நேரக்கூடிய இடர்களை மருத்துவ நூலார் ஒரே தொடராகக் கருதுகின்றனர். பேறுகால மரணத்தைக் கணக்கிடும்போதும் இந்த 42 நாட்கள் சேர்க்கப்படுகின்றன. ஆயினும் வீட்டாரும், ஊராரும், சில சமயங்களில் மருத்துவமனையாரும்கூட, குழந்தை பிறந்தவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். அதுவரையில் தாயைச் சூழ்ந்திருந்த கவனம் யாவும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகிறது. இதனால் விளையும் கேடுகளை ஐதராபாத் நகரின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும். பெண்களைப் பேற்றுக்காக மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் பணியை அந்நகரம் ஏறத்தாழ நிறைவேற்றிவிட்டது. ஆதலின், அதற்கு மேலும் செய்ய வேண்டியது யாது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

நிஜாம் குடும்பத்து மருமகளாய் வந்த துருக்கிய இளவரசி நிலூஃபர், தம் பணிப்பெண் பிரசவத்தில் இறந்த துயரத்தால் தூண்டப்பெற்று ஒரு மருத்துவமனை அமைய முயன்றார் என்பர். அவர் பெயரால் 1953-இல் திறக்கப்பட்ட நிலூஃபர் மருத்துவமனை இன்றும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பணி புரிகிறது. பழைய நகரில் பேட்லபுர்ஜ் மகப்பேறு மருத்துவமனையும், சுல்தான் பஜாரிலுள்ள மகப்பேறு மருத்துவமனையும் ஏழை மக்களின் புகலிடங்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய்க்கு ஆண் குழந்தையாயின் 12,000 ரூபாயும், பெண் குழந்தையாயின் 13,000 ரூபாயும், குழந்தைக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியும் வழங்கும் திட்டம் 2017 ஜூனில் தெலங்கானாவில் தொடங்கப்பட்டது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி அம்மாநிலத்தில் நூற்றுக்கு 97 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2014-16-இல் 81 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20-இல் 43 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 130-லிருந்து 97-க்கு இறங்கியது. இது பெருமைக்குரிய முன்னேற்றமே.

எனினும் அதே ஆய்வு வேறிரண்டு செய்திகளையும் தருகிறது. தெலங்கானாவில் கருவுற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்த சோகையுற்றிருந்தனர் என்பது ஒன்று. நூறு பேறுகளில் ஏறத்தாழ 61 பேறுகள் ஸிஸேரியன் அறுவையினால் நிகழ்ந்தன என்பது மற்றொன்று. தனியார் மருத்துவமனைகளில் இவ்விகிதம் நூற்றுக்கு 80-ஐயும் தாண்டியது. இந்தியா முழுமைக்கும் இது ஏறத்தாழ 21 மட்டுமே. நல்ல நாளும் முகூர்த்தமும் பார்த்து அறுவைக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வழக்கமும் இதற்கு ஓரளவு துணை செய்திருக்கிறது. சோதிடருக்கு இவ்விஷயத்தில் இடமளித்தது மருத்துவர்களுடைய குற்றமா, வீட்டாருடைய குற்றமா என்று வாதிடுவது வீண். விளைவை அனுபவிப்பவள் தாய். இரத்தம் குறைந்த உடலும் இரத்தம் இழக்கச் செய்யும் அறுவையும் ஒரே தாயிடத்தில் சந்திக்கும்போது ஆபத்து பெருகுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

இரத்தத்தின் வரவு செலவு

கருப்பகாலத்தில் தாயின் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. நீர்ப்பகுதி மிகுதியாகவும் சிவப்பணுக்கள் அதைவிடக் குறைவாகவும் பெருகுவதால், நலமுள்ள பெண்ணிடத்திலும் ஹீமோகுளோபின் சற்றுத் தாழ்ந்தே காணப்படும். இதைக் கருதியே, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்றவளுக்கு இரத்த சோகை என்று வரையறுத்துள்ளனர். 10 முதல் 10.9 வரை இலேசான சோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரமானது. 7-க்குக் கீழே கடுமையானது.

ஒரு கருப்பகாலத்துக்குத் தேவைப்படும் இரும்புச் சத்து மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். இதில் 300 மில்லிகிராம் அளவு சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் சேர்கிறது. 500 மில்லிகிராம் தாயின் சிவப்பணுக்கள் பெருகுவதற்குச் செலவாகிறது. எஞ்சியது அன்றாட இழப்பை ஈடு செய்கிறது. நம் நாட்டுப் பெண்கள் பலருடைய உடலில் கருவுறும்போதே சேமிப்பு மிகக் குறைவு. தானியமும் பருப்பும் மிகுந்த உணவில் இரும்பு இருந்தாலும், அதில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சிக் கொள்கிறது.

சாதாரணப் பேற்றில் 500 மில்லிலிட்டர் வரையிலும், ஸிஸேரியன் அறுவையில் 1,000 மில்லிலிட்டர் வரையிலும் இரத்தம் வெளியேறக்கூடும். குதிரில் நெல் உள்ள வீடு ஒரு பருவம் மழை பொய்த்தாலும் தாங்கும். அன்றாடம் கொட்டிக் குத்தி உண்ணும் வீடு தாங்காது. அதுபோலவே, 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள தாய் தாங்கிக் கொள்ளும் அதே இழப்பு, 7 கிராம் உள்ள தாயை நிலைகுலையச் செய்துவிடும். அவள் பிழைத்து வீடு திரும்பினாலும், எழுந்து நடக்க வலுவின்றி, பால் கொடுக்கவும் சோர்ந்து, புண் ஆறாமலும் காய்ச்சல் எளிதில் தொற்றியும் வாரக்கணக்கில் அல்லற்படுவாள். இந்த நலிவை வீட்டார் ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடுவதே பெருந்தீங்கு.

குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு

இச்சோகையின் ஒரு வகைக்குக் காரணம் கண்டதில் நம் நாட்டுக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1928-இல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், தாய்மார் மரணம் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பம்பாய் வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்றபோது, சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் பருமனில் பெருத்தும் காணப்படும் ஒருவகைச் சோகையால் மடிவதைக் கண்டார். கிருமிகளைத் தேடியும் அவர் விடை காணவில்லை. பெண்கள் உண்ணும் உணவைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார். பழமும் காய்கறியும் அரிதாகவே உண்டவரிடத்தில் நோய் மிகுந்திருந்தது. ஈஸ்டிலிருந்து வடித்த மலிவான சாறு, கடைகளில் மார்மைட் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதனைக் கொடுத்ததும் நோய் நீங்கியது. இம்முடிவை அவர் 1931-இல் வெளியிட்டார். இவ்வாராய்ச்சியின்போது சென்னையிலும் குன்னூரிலும் அவர் பணி செய்ததுண்டு. அச்சாற்றில் இருந்த சத்துப் பொருளே பிற்பாடு, 1941-இல் பசலை இனக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிஸனால் ஓர் அறையில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சிச் சாலை, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று வழங்கி வருகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1960 முதல் 1974 வரை அதன் இயக்குநராய் இருந்தார். அவர் காலத்தில், 1970-இல், கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று. அதன் பிறகு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மாத்திரையின் விலையோ மிகச் சொற்பம். அப்படியிருந்தும் 2019-21-இல் நாடு முழுவதிலும் 180 நாட்களும் மாத்திரை உட்கொண்ட கருவுற்ற பெண்கள் நூற்றுக்கு 26 பேரே. ஆகவே, குறை அறிவியலில் இல்லை. மாத்திரை கிடைக்கும் அறைக்கும் அதை விழுங்கும் வாய்க்கும் இடையேயுள்ள தூரத்தில் இருக்கிறது.

மாத்திரை ஏன் உட்கொள்ளப்படுவதில்லை

2018-இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டத்தின்படி, நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை ஒன்று 180 நாட்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பேற்றுக்குப் பின்னரும் மேலும் 180 நாட்களுக்கு அதே மாத்திரை கொடுக்கப்பட வேண்டும். இப்பின்பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சோகை இலேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பின் நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமேனும் உயராவிடில் மேல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் 7 கிராமுக்குக் கீழிருப்பவளை வீட்டில் வைத்துக்கொண்டு பார்ப்பது தகாது.

குமட்டல், மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் ஆகியவை மாத்திரையை நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இரவு உணவுக்குப் பின் உட்கொண்டால் இவை பெரும்பாலும் தணியும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையே 2 மணி நேரமாவது கழிய வேண்டும். தேநீர், காப்பி ஆகியவற்றுடன் உட்கொள்வதும் தவறு. எலுமிச்சைச் சாறு, நெல்லி, கொய்யா முதலியன இரும்பு உடலில் சேரத் துணை புரியும்.

ஆனால் வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. இரும்பு மாத்திரை உட்கொள்ளுவோர்க்கு மலம் கருத்துப் போகும். அதைக் கண்டு, குழந்தையும் கறுப்பாய்ப் பிறக்குமோ என்ற அச்சம் வீடுகளில் எழுகிறது. சிவப்பாய்ப் பிறக்க வேண்டுமென்று விலையுயர்ந்த குங்குமப் பூவைப் பாலில் கலந்து கொடுக்கும் மாமியார், விலையில்லா மாத்திரையை மருமகளின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவதுண்டு. குழந்தையின் நிறம் தாய் தந்தையரின் மரபால் அமைவது. மாத்திரைக்கும் பூவுக்கும் அதில் பங்கில்லை. உறிஞ்சப்படாத இரும்பே மலத்தைக் கருக்கச் செய்கிறது. இதைக் கருவுற்றவளிடம் மட்டும் சொல்லுவதால் பயன் குறைவு. வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள மூத்த பெண்ணை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

நிறமும் நோய் அறிதலும்

நிறம் பற்றிய பிழை வீடுகளில் மட்டும் உள்ளதன்று. தோல் வெளிறியிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சோகையை அறிய முயலும் பணியாளர், மாநிற உடலையும் கரிய உடலையும் உடையவரிடத்தில் ஏமாந்து போவர். கீழிமையைத் தாழ்த்தி அதன் உட்புறத்தையும், நாக்கையும், உள்ளங்கையையும், நகக்கண்ணையும் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்த்தும் இலேசான சோகை தப்பிவிடும். ஆதலால் இரத்தத்தை அளந்தறிவதற்கு ஈடில்லை. விரலில் மாட்டிப் பிராண வாயுவின் அளவைக் காட்டும் கருவியும் கரிய தோலில் உண்மை அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மூச்சுத் திணறும் தாயிடத்தில் கருவி ‘சரி’ என்று காட்டினாலும் அவள் சொல்லையே நம்ப வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

செல்வமும் மருத்துவமனைகளும் நிறைந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்நாடே சான்று. 2023-இல் அங்கே உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வெள்ளையரிடையே 14.5 தாய்மாரும், கறுப்பினத்தவரிடையே 50.3 தாய்மாரும் இறந்தனர். கல்வியும் பொருளும் உடைய கறுப்பினப் பெண்களையும் இவ்வேற்றுமை விட்டுவைக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் வீராங்கனை ஸெரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் ஸிஸேரியன் அறுவையின் மூலம் ஒரு பெண் மகவை ஈன்றார். மறுநாள் அவருக்கு மூச்சு முட்டிற்று. முன்பே நுரையீரலில் இரத்தக் கட்டியால் துன்புற்றவராதலின், நோய் இன்னதென அவரே உணர்ந்து, செய்ய வேண்டிய சோதனையையும் பெயர் சொல்லிக் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் எண்ணப்பட்டது. பின்னர் சோதித்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தது உறுதியாயிற்று. அத்தகையவருக்கே இவ்வாறாயின், பெயரறியாத ஏழைப் பெண்ணின் முறையீடு எவ்வளவு தூரம் செவியில் ஏறும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாட்டில் 2017 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்த குழுக்கள், கருப்பத்தைச் சார்ந்த மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை பேற்றுக்குப் பின் 7 நாட்கள் கழித்து ஓராண்டுக்குள் நிகழ்ந்தன என்றும், ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தவிர்க்கக் கூடியவை என்றும் கண்டன. ஏழைத் தாய்மாருக்கு 60 நாட்களோடு நின்றுவிட்ட அரசாங்க மருத்துவ உதவியை ஓராண்டு வரை நீட்டிக்க 2022 முதல் வழி செய்யப்பட்டது.

ஐதராபாத்தில் வேற்றுமையின் பெயர்கள் வேறு. தாண்டாக்களிலிருந்து வரும் லம்பாடிப் பெண்ணும், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் வாழும் பெண்ணும், தெலுங்கோ உருதுவோ சரளமாய்ப் பேச மாட்டார்கள். ‘தலை வலிக்கிறது’, ‘கண் மங்குகிறது’ என்று அவர்கள் சொல்வது புரியாத நச்சரிப்பாகவே சிலர் காதில் விழும். பேறு அறையில் அதட்டலுக்கு ஆளானவள் அடுத்த நாள் வாய் திறக்க மாட்டாள். துணைக்கு ஓர் உறவுப் பெண்ணை உடன் இருக்க விடலாம் என்று மத்திய அரசு 2016-இல் அறிவுறுத்தியதன் நோக்கம் ஆறுதல் மட்டுமன்று; தாய்க்காகப் பேச ஒரு வாய் அருகில் இருக்க வேண்டும் என்பதுமாகும். இயற்கைப் பேற்றைப் பொறுமையுடன் நடத்தித் தரவல்ல பேறுகாலச் செவிலியரைப் பயிற்றுவிக்கும் 18 மாதப் படிப்பு, ஐதராபாத்தில் 1948-இல் நிறுவப்பட்ட ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையின் துணையுடன் 2017-இல் தெலங்கானா அரசால் கரீம்நகரில் தொடங்கப்பட்டது. 2018-இல் நாடு முழுமைக்கும் இத்தகைய செவிலியர் பணிக்கான நெறிமுறைகள் வெளியாயின.

தாய் வீட்டுக்குப் போனவள்

பேறு மருத்துவமனையில் நிகழ்ந்தால் ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. இவ்வருகைகள் முக்கியமாகச் சிசுவுக்கென வகுக்கப்பட்டவை. எடை, வெப்பம், கொப்பூழ் எல்லாம் பார்த்தபின், ‘நீ நலமா?’ என்ற ஒரு கேள்வியோடு தாயின் முறை முடிந்துவிடுகிறது. நலம் என்று சொல்லுவதே நம் பெண்களின் வழக்கம். ஆகையால் கேள்வி தனித்தனியாக அமைய வேண்டும்: இன்று எத்தனை துணி மாற்றினாள்? தலைவலியோ கண் மங்கலோ உண்டா? ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலிக்கிறதா? படியேறும்போது மூச்சு வாங்குகிறதா? குளிர் காய்ச்சலோ துர்நாற்றமோ உண்டா? இரவில் குழந்தை உறங்கும்போதும் இவளுக்கு உறக்கம் வரவில்லையா?

ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனையுமளவு இரத்தப் போக்கு இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மருத்துவரிடமும், 160/110 ஆனால் அப்பொழுதே மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும். பேற்றோடு ஜன்னி அபாயம் நீங்கிவிட்டது என்று நினைப்பது தவறு. முதல் 48 மணி நேரத்தில் அது மிகுதி; சில வாரங்கள் கழித்தும் வருவதுண்டு.

தெலங்கானாவிலும் தமிழ்நாட்டைப் போலவே தலைப்பேற்றுக்குப் பெண் தாய் வீடு செல்வது வழக்கம். கணவன் வீட்டுப் பகுதியின் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும், ஆள் இராள். தாய் வீட்டுப் பகுதியில் ஆள் இருப்பாள், பெயர் இராது. இரு பணியாளரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருக்க, 42 நாட்களும் கழிந்துவிடும். ஏழாம் மாதத்திலேயே எங்கே பேறு, அதன்பின் எங்கே வாசம் என்று கேட்டு, அவ்வூர்ப் பணியாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுவது எளிய காரியம். தாய்-சேய் பாதுகாப்பு அட்டையை அவள் கையோடு எடுத்துச் செல்கிறாளா என்று பார்ப்பதும் அவசியம்.

பத்தியத்தின் பெயரால் பிள்ளை பெற்றவளுக்குக் கீரையும் பழமும் தயிரும் விலக்கப்படுவது அங்கும் உண்டு. முதல் ஆறு மாதங்களில் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி அளவு கூடுதல் உணவு வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிலையம் கணித்துள்ளது. கருவுற்றபோது வேண்டிய கூடுதல் 350 கலோரியே. உண்ண வேண்டிய காலத்தில் பட்டினி போடுவது பத்தியமாகாது. 2015 ஜனவரியில் தெலங்கானா அங்கன்வாடிகளில் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமித் திட்டம், சோறு, பருப்பு, காய்கறி, முட்டை, பால் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு வேளை அங்கேயே அமர்ந்து உண்ணும்படி ஏற்பாடு செய்தது. வீட்டுக்கு எடுத்துச் சென்றால் உணவு பலருக்குப் பங்காகிவிடும் என்பதறிந்து செய்த ஏற்பாடு இது. ஆயினும் தீட்டுக் காக்கும் வீட்டில் பிள்ளை பெற்றவள் வெளியே வரமாட்டாள். அந்நாட்களில் உணவு அவளைத் தேடிச் செல்ல வழி காண வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

உயர் வகுப்பு மாணவ மாணவியருக்கு இதை விளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குங்குமம் கரைத்த நீரை அளந்து 500 மில்லிலிட்டர் எடுத்து, மடித்த பழந்துணி மீதும் தரை மீதும் ஊற்றுக. அளவைச் சொல்லாமல், எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுக. பெரும்பாலோர் மெய்யளவைவிடக் குறைத்தே எழுதுவர். பேறு அறையிலும் இதே தவறு நேர்கிறது. கீழே அளவுக் கோடுகளிட்ட பை போன்ற விரிப்பைத் தாயின் அடியில் இட்டு இரத்தத்தை அளக்கும் முறை கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் முன்பே கையாளப்பட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்ஸானியா ஆகிய நாடுகளில் அத்தகைய விரிப்பால் அளந்து, உடனே சிகிச்சைகள் அனைத்தையும் ஒருங்கே தொடங்கியதில், கடுமையான இரத்தப் போக்கும் அதன் தீய விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது.

42-ஆம் நாள் வருகையில் களப்பணியாளர் தாயின் ஹீமோகுளோபினையும் இரத்த அழுத்தத்தையும் மீண்டும் அளந்து, அட்டையில் குறித்து, அடுத்த பேற்றைத் தள்ளிப்போடும் வழிகளையும் அவளிடம் தனியே பேச வேண்டும். இரும்பு மாத்திரை உட்கொள்ளுகிறாளா என்று வாயால் கேட்பது போதாது. மாத்திரை அட்டைகளை எடுத்து வரச்செய்து, எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.